இப்ப சத்தம் கீதா?

அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தால் முதலில் ஆளைப் பார்க்க மாட்டார். தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பார். அப்புறம் ஃப்ரிட்ஜை. அப்புறம் ஜன்னல் கொக்கி ஏதாவது ஆடுகிறதா என்று. இந்த விசாரணையெல்லாம் முடிந்த பிறகுதான், "இன்னாம்மா, நைனா சாப்ட்டாரா?" என்று மனுஷரைப் பற்றி, அதாவது என் அப்பாவைப் பற்றி, கேட்பார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை ஃப்ரிட்ஜின் மண்டைமேல் போய் உட்கார்ந்திருக்கும். உள்ளங்கையை அழுத்தி வைத்து, நாடி பார்க்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து ஃப்ரிட்ஜின் காலுக்கடியில் செருகிவிட்டு நிமிர்வார்.

"இப்ப?"

இப்போது சத்தம் இருக்கிறதா என்று அர்த்தம். "இல்லண்ணே" என்று சொல்ல வேண்டும். சொன்னாலும் லேசில் நம்ப மாட்டார். என் முகத்தையே உற்றுப் பார்த்து, நான் நிஜமாகவே சொல்கிறேனா, இல்லை ஆளைக் கிளப்பிவிடுவதற்காகச் சொல்கிறேனா என்று எடைபோடுவார். எனக்கோ அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருக்கும்.

திருவொற்றியூரில் நாங்கள் மாடியில், அவரும் அவர் மனைவியும் கீழே. அப்படியொரு சும்மா இருக்கத் தெரியாத மனுஷரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்க்கவில்லை. மணலி பக்கம் ஒரு கம்பெனியில் புளோயர் ரூமில் வேலை பார்த்தவர். ஆள் உயரத்துக்கு மேல் காற்றாடிகள் ராத்திரி பகலாகச் சுற்றுகிற அறை. அங்கே பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது, கையாலும் கண்ணாலும்தான் பேச்சு என்று அவர் மனைவி சொல்வார். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது இவரையும் அனுப்பிவிட்டார்கள். அத்தனை வருஷம் அந்த இரைச்சலில் நின்றவருக்கு, வெளியே வந்ததும் ஒரு சின்னச் சத்தம்கூடப் பொறுக்கவில்லை. எந்த மெஷின் முனகினாலும் திறந்து பார்த்தாக வேண்டும்.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் மின்சார மேளம் ஒன்று இருந்தது. சுவிட்சைப் போட்டால் மேளமும் மணியும் சேர்ந்து தானாக அடிக்கும். ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற வாரத்தில், அதன் மோட்டார் கரகரக்கிறது என்று இவர் திருப்புளியோடு போய் உட்கார்ந்துவிட்டார். மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்தார். அது சரி, அதோடு எழுந்து வந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? மேளத்தை அடிக்கிற கோலுக்கும் ரப்பர் சுற்றினார், மணியின் நாக்குக்குத் துணி கட்டினார். சாயந்திரம் பூசாரி தீபாராதனை காட்டுகிறார், மேளம் தலையணையைத் தட்டுகிற மாதிரி பொத் பொத்தென்று கேட்கிறது. "யோவ், அதோட வேலையே சத்தம் போடறதுதான்யா" என்று பூசாரி தலையில் அடித்துக்கொண்டதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். இவர் அசரவில்லை. சாமி கும்பிட வந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, இப்போது பரவாயில்லையா என்று கேட்டார்.

ஆனால் இதே கையை நான் இன்னோர் இடத்திலும் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டில் ஒரு சாவு. விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷர், கரையில் இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் ஒப்பாரி சொல்லப் பார்க்கிறார்கள், பெட்டி விட்டால்தானே? இவர் மாலையோடு உள்ளே வந்தார், மாலையை யார் கையிலோ திணித்தார், பெட்டிக்கடியில் மல்லாந்து படுத்துவிட்டார். இறந்தவரின் மச்சான் இவர் காலைப் பிடித்து இழுக்கப் போனான். அதற்குள் கடகடப்பு நின்றது. வீடே ஒரு நிமிஷம் அடங்கியது. அதுவரை மரமாட்டம் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். இவர் முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அந்த நேரத்திலும் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, உதட்டை மட்டும் அசைத்து, இப்ப என்றார்.

இப்பேர்ப்பட்டவரை என் கம்ப்யூட்டர் பக்கம் நானேதான் கூப்பிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். எனக்கு வேறு வழியில்லை.

ஓர் ஆஸ்பத்திரிக்கு வருகிற போன்களை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுவது என் வேலை. டாக்டர் எப்போது வருவார், ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா, இப்படி. நைனாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் கஞ்சி ஊட்டவும் என்னைத் தவிர ஆளில்லை. எங்களுக்கு ஒரே அறை. இந்த மூலையில் அவர் கட்டில், அந்த மூலையில் என் மேஜை. ஜன்னலைத் திறந்தால் எண்ணூர் பக்கத்துக் கரித்தூளும் கன்டெய்னர் லாரி இரைச்சலும் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வரும். மூடினால் அறை வேகும். அறை வெந்தால் கம்ப்யூட்டரும் வேகும். வெயில் ஏற ஏற அதன் பின்பக்கத்துக் குட்டி ஃபேன் ஆரம்பிக்கும் பாருங்கள், புயல் கூண்டு ஏற்றின நாளில் கடல் போடுகிற மாதிரி ஒரு இரைச்சல். நீ என்ன மாவு மில்லில் உட்கார்ந்தா பேசுகிறாய் என்று ஓர் அம்மா போனில் கேட்டேவிட்டார். இரைச்சலை வடிகட்டுகிற ஹெட்போன் வாங்கினேன். அது என் குரலையும் சேர்த்து வடிகட்டியது. டீம் லீடர் மரியாதையாகத்தான் சொன்னார்: இன்னொரு புகார் வந்தால் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துதான் வேலை பார்க்க வேண்டியிருக்கும் மேடம். ஆபீஸ் ஊரின் தெற்குக் கோடியில். நான் அங்கே போய்விட்டால் நைனாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது யார்? போகாவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போடுவது யார்?

முதல் நாள் அவர் பார்த்தது வைத்தியம் இல்லை, கொலை. ஃபேன் வறண்டு கிடக்கிறது என்று சொல்லி, நான் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயை எடுத்து அதில் விட்டார். கொஞ்ச நாள் ஃபேன் பூனை மாதிரி கிடந்தது. அப்புறம் பறந்து வந்த கரித்தூளெல்லாம் எண்ணெயில் ஒட்டி, நல்ல கண்மையாகத் திரண்டு, முன்னைவிட மோசமாகக் கத்த ஆரம்பித்தது. நான் அதைவிட மோசமாகக் கத்தினேன். அவர் அந்த மையை விரலில் தொட்டுப் பார்த்து, "ஊரே கலீஜா கீது, நான் இன்னாம்மா பண்றது?" என்றார். மறுநாள் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய் இரண்டு பெரிய ஃபேன்களோடு வந்து நின்றார்.

சின்ன ஃபேன் தலைதெறிக்கச் சுற்றினால்தான் காற்று. பெரிய ஃபேன் நிதானமாகச் சுற்றினாலே அந்தக் காற்று வந்துவிடும், நிதானமாகச் சுற்றினால் சத்தமும் இல்லை. இது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பு வழவழவென்று மூடிய பிளாஸ்டிக், மூச்சு விட ஓர் ஓட்டை கிடையாது. அவர் என் சாப்பாட்டு டப்பாவின் மூடியை முகப்பில் கவிழ்த்து வட்டம் போட்டார். ஒரு துளை போட்டு, ஆக்சா பிளேடை உள்ளே விட்டு, கரகரவென்று அறுக்கத் தொடங்கினார். பின்பக்கத்துத் தகட்டையும் வெட்டி அகலமாக்கினார். நைனா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு குழறுகிற மனுஷர், அன்றைக்கு மட்டும் சுத்தமாக, "போச்சு" என்றார்.

போகவில்லை. ஃபேனை முடுக்குகிற இடத்தில் இரும்பில் இரும்பு உரசக் கூடாது என்று சைக்கிள் டியூபை வெட்டி இடையில் வைத்தார். பிய்ந்துபோன ஹவாய் செருப்பை நாலு துண்டாக்கிப் பெட்டிக்குக் கால் கட்டினார். கரித்தூள் நுழையாமல் இருக்க முகப்பு ஓட்டைக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டினார். எல்லாம் பூட்டி ஓட விட்டதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. ஆனால் சூடு குறையவில்லை, கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளே சிப்பின் மேலிருக்கிற ஃபேன் அலற ஆரம்பித்தது. அவர் மறுபடி பிரித்தார், மறுபடி பூட்டினார். நான் மதியம் சாப்பிடுகிற நேரம் பார்த்து மாடியேறி வந்துவிடுவார். என் ஒரு வாய் சோறு இறங்குவதற்குள் பெட்டியின் பக்கக் கதவு கழன்றிருக்கும்.

காரணம் வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. கம்ப்யூட்டரை அணைக்காமலே தூபக்காலில் சாம்பிராணி போட்டு வீட்டைச் சுற்றி வந்தேன். பெட்டியின் முன்பக்கம் காட்டினேன், புகை உள்ளே ஓடியது. பின்பக்கம் காட்டினேன், அங்கேயும் உள்ளே ஓடியது. வெளியே வரத்தான் வழியில்லாமல் இடுக்கு இடுக்காகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. காற்று ஜாஸ்தியாக வந்தால் சூடு குறையும் என்று மனுஷர் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இரண்டு ஃபேனையும் காற்றை உள்ளே தள்ளுகிற மாதிரி மாட்டி வைத்திருக்கிறார்! மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். வந்தார். புகையைப் பார்த்தார். வாயில் கைவைத்துக்கொண்டார்.

"பஸ்ஸுல ரெண்டு வாசல்லயும் ஏறிகினே இருந்தா எறங்கறவன் எங்க எறங்குவான்? புத்தி கெட்ட பையன்" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பின் ஃபேனைத் திருப்பி மாட்டினார். நான் தூபக்காலை முன்னால் பிடிக்க, சாம்பிராணிப் புகை உள்ளே போய்ப் பின்னால் ஒரே கோடாக வெளியே வந்தது. அந்தக் கோட்டைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பெண்ணுக்கு வரன் அமைந்த அப்பன் மாதிரி. அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டில் தினமும் சாம்பிராணி. நைனா இருமினார், அக்கம்பக்கத்தில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

பெட்டி அடங்கிவிட்டது. ஓடுகிறதா இல்லையா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புகார் வருவது நின்றது. டீம் லீடர் பேசினார்: அடுத்த வாரம் முழுக்க என் போன்களை ஆபீசில் உட்கார்ந்து கேட்கப் போகிறார்களாம். சுத்தமாக இருந்தால் வீட்டிலிருந்தே நிரந்தரமாக வேலை பார்க்கலாம், இல்லையென்றால் இல்லை. நான் கீழே ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுருங்கிவிட்டது.

"இல்லம்மா, இன்னும் ஒண்ணு கீது. கொய்ங்னு, சன்னமா. நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றார்.

மறுபடி மாடிக்கு ஓடினேன். பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன், ஒன்றுமில்லை. நைனாவைக் கேட்டேன், இல்லையென்று தலையாட்டினார். ஆனால் இவர் சத்தத்துக்கென்றே பிறந்தவர் ஆயிற்றே. எனக்குக் கேட்காதது இவருக்குக் கேட்கிறது என்றால் மைக்குக்கும் கேட்கத்தானே செய்யும்? பிரியுங்கள் அண்ணே என்று நானே சொன்னேன். பின்பக்கத்துக் கம்பி வலையில் காற்று உரசுகிறது என்று அதை வெட்டி எறிந்தார். ஃபேனுக்குப் போகிற கரண்டைக் குறைத்து இன்னும் மெதுவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் இப்ப, இப்ப என்று கேட்பார். நான் இல்லை என்பேன். அவர் பெட்டிமேல் கைவைத்துக் கண்ணை மூடி, "கீது" என்பார். இரண்டு நாளில் எனக்கும் கொய்ங்கென்று கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. சோறு இறங்கவில்லை. குக்கர் ஆவி விட்டால்கூடத் திடுக்கிட்டேன். அவரோ என்னைவிட மோசம். சவரம் செய்யாத முகத்தோடு படியேறுவார், இறங்குவார், பாதிப் படியில் நின்று திரும்பி வருவார்.

திங்கட்கிழமையிலிருந்து கேட்கப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கடைசியாக ஒரு முறை என்று வந்து உட்கார்ந்தார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அப்போது கரண்டு போனது.

தலைக்கு மேல் ஃபேன் சுற்றி ஓய்ந்தது. ஃப்ரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. பக்கத்து வீட்டு டிவி, கீழே யார் வீட்டிலோ ஓடின கிரைண்டர், எல்லாம் நின்றுபோயின. அன்றைக்கு ரோட்டில் லாரிகூட இல்லை. நைனா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கம்ப்யூட்டர் திரை இருண்டு கிடந்தது. அந்தப் பெட்டி ஏற்கெனவே அவ்வளவு மெத்தென்று ஓடியதால் அது நின்றதை அவர் கைகூட உணரவில்லை.

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "தோ, தோ கொய்ங்னு கீது பாரு. இப்பத்தான் நல்லா கேக்குது."

"அண்ணே," என்றேன், "கரண்டு போச்சுண்ணே."

கண்ணைத் திறந்தார். நின்றுபோன ஃபேனைப் பார்த்தார். இருண்ட திரையைப் பார்த்தார். பெட்டியிலிருந்து கையை எடுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"உள்ள கீதும்மா" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் தலைப்பாரம் இறங்கியது. என் பெட்டியில் சத்தம் இல்லை, என் வேலை போகாது, நைனாவை விட்டுவிட்டு நான் எங்கேயும் போக வேண்டாம். அதே நிமிஷத்தில்தான் அவர் தலையில் அது ஏறியது. கரண்டு வரும்வரை இருந்தார். வந்ததும் திருப்புளியை எடுத்துக்கொண்டு, யாரையும் எதுவும் கேட்காமல் கீழே இறங்கிப் போனார்.

அந்த வாரம் என் போனைக் கேட்ட ஆபீஸ் பெண், நடுவில் நான் பேச்சை நிறுத்தியபோது, மேடம் லைனில் இருக்கிறீர்களா என்று பதறிக் கேட்டாள். அவ்வளவு அமைதி. வேலை நிரந்தரமானது. அவருக்குச் சொல்லக் கீழே போனால், எப்போதும் வாசலில் நின்று தெருவிலிருக்கிற மெஷினையெல்லாம் நோட்டம் விடுகிற மனுஷர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் மனைவி என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்து மெதுவாகச் சொன்னார். ராயபுரத்தில் இருந்தபோது பக்கத்து அச்சாபீஸ் சத்தம் என்று வீடு மாற்றினாராம். தண்டையார்பேட்டைக்குப் போனால் ரயில் சத்தம் என்றாராம். அப்புறம்தான் இங்கே வந்தார்கள்.

"இன்னாத்த சொல்றது? அந்த சத்தம் எங்க கூடயே வூடு மாறிகினு வந்துகீது" என்றார் அந்த அம்மா.

புளோயர் ரூம் கொடுத்தது அது. அப்புறம் அந்த அம்மா கூட்டிப்போய்க் காட்ட, பெரியாஸ்பத்திரி காது டாக்டர் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் அந்த இரைச்சலில் நின்றால் இப்படித்தான், இதற்கு மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார். தன் காதை நம்ப முடியாமல்தான் மனுஷர் இத்தனை நாள் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டிருக்கிறார். எங்கள் முகத்தில் சத்தமில்லை, அவர் தலைக்குள் மட்டும் ஓயவில்லை. ஊர் மெஷினையெல்லாம் பிரித்துப் போட்டது அதைத் தேடித்தான். எனக்கு அழுகைதான் வந்தது.

சில நாள் கழித்துப் படியேறி வந்தார். வந்ததும் ஃபேனைப் பார்க்கவில்லை, ஃப்ரிட்ஜைத் தொடவில்லை.

"அந்தப் பழய ஃபேனு கீதா? கத்துமே, குட்டி" என்றார்.

என் பெட்டியிலிருந்து அவர் பிடுங்கிப் போட்ட அந்தப் பழைய ஃபேன் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. படுக்கும்போது பக்கத்தில் ஏதாவது சத்தம் ஓடினால் உள்ளே கேட்கிற சத்தம் அமுங்கும் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டு ஃபேனெல்லாம் இவர் கைபட்டு ஊமையாகிக் கிடக்கிறது, எதை ஓட விடுவது? நான் டப்பாவோடு கொடுத்தேன். மையைத் துடைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று அவசரமாக வாங்கிக்கொண்டார்.

பிறகு மீஞ்சூரில் இருக்கிற மகளோடு இருக்கலாம் என்று வீட்டைக் காலி செய்தார்கள். சாமானெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. சொல்லிக்கொள்ளப் போனேன். வெறும் வீட்டில் ஒரு பாய் மட்டும் விரித்திருந்தது, தலைமாட்டில் ஒரு பலகையில் ஆணியடித்து நிறுத்திய அந்தக் குட்டி ஃபேன் ஹோவென்று அலறிக்கொண்டிருந்தது. என் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்த அதே அலறல். பாயும் ஃபேனும் கடைசியாகத்தான் வண்டி ஏறும் என்று அவர் மனைவி என் காதருகே கத்திச் சொன்னார். அவர் படுத்தபடியே என்னைப் பார்த்தார். முகம் தெளிந்திருந்தது.

"சத்தம் வருதா?" என்று கேட்டார்.

"வருதுண்ணே."

"நல்லா வருதா?"

"காது கிழியுதுண்ணே."

"அப்ப சரி" என்றார். கை ஃபேன் பலகைமேல்தான் இருந்தது. எதையும் முடுக்கவில்லை, அடியில் அட்டை எதுவும் செருகவில்லை. கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.